கீழ்வீட்டுக் காற்று

"சிகரெட், பீடி ஏதாவது?" என்று டாக்டர் கேட்டபோது இந்திராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் கிளம்பிவிடும் என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். டாக்டர் சின்னப் பெண். மகன் ரிஷப்பைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். அடுத்த கேள்வியைக் கேட்கச் சங்கடப்படுகிறவளைப் போல நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வீட்ல வேற யாராவது? உங்க ஹஸ்பெண்ட்?"

"அவர் இருந்தவரைக்கும் காப்பிகூடக் குடிச்சதில்லம்மா."

"விறகடுப்புல சமைச்சிருக்கீங்களா, ரொம்ப வருஷம்?"

"நான் கல்யாணமாகி வரும்போதே கேஸ் இருந்துச்சு."

"காஞ்சிபுரம்னு போட்டிருக்கு. தறி, சாயப்பட்டறை, அந்த மாதிரி?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தேன். காது வலிக்கும், அவ்ளோதான்."

நுரையீரலில் இருப்பது கட்டி என்பதும், அது புற்றுநோய்தான் என்பதும் போன முறை வந்தபோதே தெரிந்துவிட்டது. எந்த மாத்திரை என்று முடிவு செய்யத்தான் இன்று வரச் சொல்லியிருந்தார்கள். புகை பிடிக்காதவர்களுக்கும் இது வருகிறது, பெண்களுக்கு வருகிறது, எல்லாவற்றுக்கும் காரணம் தெரிவதில்லை என்றாள் டாக்டர். எழுந்திருக்கும்போது ஞாபகம் வந்தவள்போல, புகைப் பழக்கமே இல்லாத நோயாளிகளின் வீடுகளில் காற்றைச் சோதிக்கிற ஆராய்ச்சி ஒன்று ஒரு கல்லூரியில் நடக்கிறது, சம்மதமென்றால் உங்கள் நம்பரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். காற்றில் என்ன சோதிப்பார்கள் என்று இந்திரா கேட்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக்கு வருவார்கள் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கொடுங்கள் என்றாள்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இவள் மடியிலிருந்த ஸ்கேன் கவரைப் பார்த்துவிட்டு உடம்புக்கு என்ன என்று விசாரித்தாள். சளி என்று சொல்லிவிட்டு இந்திரா வெளியே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். விஷயம் தெரிந்த எல்லோரும் வீட்டில் யார் சிகரெட் பிடிப்பார்கள் என்ற அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள். நாத்தனார் கௌசல்யா மட்டும் வேறு மாதிரிக் கேட்டாள். "அண்ணன் வெளியில எங்கயாச்சும், யாருக்கும் தெரியாம..." என்று பாதியில் நிறுத்தினாள். கணவர் பாலசந்திரன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. போட்டோவில் சந்தன மாலையோடு இருக்கிற மனிதரைப் பற்றி அவர் கூடப்பிறந்தவளே இப்படிக் கேட்டது, டாக்டர் சொன்ன செய்தியைவிட ஆழமாக இறங்கியது. இல்லை என்று அடித்துச் சொன்னதும் கௌசல்யா பெருமூச்சு விட்டாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, தண்ணீரை வடிகட்டிக் குடித்து, கிழங்கைக்கூடத் தொடாமல் இருந்த உனக்கே இப்படியென்றால் அது போன பிறவியில் செய்ததாகத்தான் இருக்கும் என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து இந்திராவுக்குத் தான் செய்த, ஆனால் தனக்கு ஞாபகமில்லாத ஏதோ ஒரு கொடுமையை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பதுபோல ஓர் உணர்வு வந்து ஒட்டிக்கொண்டது. திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் வீட்டுக்கான மனையை வாங்கும்போது அது பள்ளமாக இருந்தது. மழைக்காலத்தில் தவளை கத்தும். பாலசந்திரன் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தவர், எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கிறவர். கல்குவாரியிலிருந்து உடைகல்லும் கல்தூசியும் லோடு லோடாக வரவழைத்து, லீவு போட்டுவிட்டு வெயிலில் குடை பிடித்து நின்றுகொண்டு பள்ளத்தை மேடாக்கினார். பாலாறே வந்தாலும் இந்த வீடு அசையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மேலே கிரானைட் தரை. வெள்ளம் வந்த வருஷத்திலும் வீடு அசையவில்லைதான். ஆனால் முன்னால் இருந்த ரோடு அசைந்தது. போடப் போட அது உயர்ந்துகொண்டே வந்தது. படியேறிப் போன வீடு, நேராக நுழைகிற வீடாகி, கடைசியில் படி இறங்கிப் போகிற வீடாகிவிட்டது. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே வண்டிச் சக்கரங்கள் தெரிந்தன. புழுதி வந்தது, கொசு வந்தது. ஏசி போட்ட பிறகு ஜன்னலைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ரிஷப் படித்தது அந்த அறையில்தான். அவன் அமெரிக்கா போன பிறகு அவர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைப் பகல்களை எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் குளிர்ச்சியில்தான் கழித்தார்கள். அவர் மாரடைப்பில் போனதும் அங்கேதான். அதற்கப்புறம் அந்த அறையில் அவளால் படுக்க முடியவில்லை. மாடிக்குப் போய்விட்டாள். கீழ் போர்ஷனை வாடகைக்கு விட்டாள்.

மாணிக்கவேலும் அனுவும் வந்தபோது ஸ்ரேயா கைக்குழந்தை. மாணிக்கவேலுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. ஷிப்டுக்கு வேன் வந்து தெருமுனையில் நிற்கும். அனு கடைகளிலிருந்து பட்டுப் புடவைகளை வாங்கி வந்து குச்சு கட்டிக் கொடுப்பாள். வாடகை வருவது இந்திராவுக்குப் பெரிதில்லை, பென்ஷன் இருந்தது. கீழே குக்கர் சத்தம் கேட்பதும், குழந்தை அடம்பிடித்து அழுவதும், அனு போனில் தன் அம்மாவோடு சண்டை போடுவதும்தான் அவளுக்கு வேண்டியிருந்தன. ஸ்ரேயாவுக்கு நடை வந்ததும் மாடிப்படியைத் தவழ்ந்தே ஏறி வந்து, "ஆயா" என்று கதவைத் தட்டக் கற்றுக்கொண்டாள். புற்றுநோய் என்று சொன்னபோது அனு பளிச்சென்று, "தொத்திக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றதும், "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனவள், கொஞ்ச நேரத்தில் குழந்தையையும் ஒரு கிண்ணம் ரசத்தையும் மேலே அனுப்பினாள். பூண்டு போடாத ரசம். அவள் அதை நினைவு வைத்திருந்ததற்காக இந்திரா அன்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதாள்.

காற்றைச் சோதிக்க வந்த பெண்ணின் பெயர் லக்ஷணா. சின்ன காஞ்சிபுரத்துப் பெண், ஸ்கூட்டரில் வந்தாள். இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாளாம். பெரிய இயந்திரம் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்த இந்திராவுக்கு ஏமாற்றம். பையிலிருந்து மூடி போட்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்களை எடுத்து, கீழே படுக்கையறையில் ஒன்றும் கூடத்தில் ஒன்றும், மாடியில் ஒன்றுமாக நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். உள்ளே ஒரு துண்டு பிலிம் இருக்கிறது, மூன்று மாதம் அப்படியே இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம் என்றாள். கொசு மருந்தா என்று அனு கேட்டாள். ஒரு டெஸ்ட்டு என்று இந்திரா சொன்னாள். அதற்கு மேல் அவளுக்கே தெரியாது.

அந்த மூன்று மாதமும் மாத்திரையோடு போயிற்று. முகமெல்லாம் பொரிப் பொரியாகத் தடித்தது. நகக்கண் வெடித்தது. ஆனால் இருமல் குறைந்தது, படியேறினால் மூச்சு வாங்குவதும் குறைந்தது. ஷிப்ட் இல்லாத நாளில் மாணிக்கவேல் பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டான். ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்புகிற நாட்களில் அனு கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். கட்டி சுருங்கியிருக்கிறது என்றார்கள். முழுதாகப் போகாது, ஆனால் பிடித்து வைக்கலாம். எத்தனை நாளைக்கு என்று இந்திரா கேட்டாள். பார்க்கலாம் என்றாள் அந்தச் சின்ன டாக்டர்.

கிண்ணங்களைக் கழற்றிக்கொண்டு போன லக்ஷணா சில வாரம் கழித்து வந்தாள். மாடியில் உட்கார்ந்தாள். இந்திரா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"கீழ் ரூம்ல ரொம்ப அதிகமா இருக்கு ஆன்ட்டி. மாடியில இல்ல. கீழ மட்டும்."

"எது அதிகம்?"

ரேடான் என்று ஒரு வாயு, என்று தொடங்கி அவள் நிதானமாகச் சொன்னாள். கல்லிலும் மண்ணிலும் இருந்து அது வருகிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. திறந்த வெளியில் காற்றோடு கலந்து போய்விடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. தாழ்வான, மூடிய அறையாக இருந்தால் தரை விரிசல் வழியாக வந்து அங்கேயே தங்கும். வருஷக்கணக்காக அதைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். இந்த அளவுக்கு மேல் இருந்தால் சரி செய்யச் சொல்வார்கள் என்று ஓர் அளவு உண்டு. கீழ் அறையில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருக்கிறது.

"அடியில போட்ட கல்லுனாலயா?"

"கல்லா இருக்கலாம், கீழ இருக்கற மண்ணா இருக்கலாம். ரெண்டுமா இருக்கலாம். ஜன்னல் மூடியே இருந்தது ஒரு காரணம்."

"அப்ப எனக்கு வந்தது இதனாலதான்."

லக்ஷணா டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது ஆன்ட்டி. யாராலயும் முடியாது. இது இருந்தா வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். அவ்ளோதான் சொல்லலாம்."

இந்திராவுக்கு அதுவே போதும். ஏதோ ஒரு பிறவியில் யாருக்கோ செய்தது அல்ல. பாலசந்திரன் ஒளித்து வைத்தது எதுவும் அல்ல. கல். வெறும் கல். அப்போதுதான் கீழே தட்டு விழுகிற சத்தமும், அதைத் தொடர்ந்து ஸ்ரேயாவின் சிரிப்பும் கேட்டன. லக்ஷணாவும் அதைக் கேட்டாள்.

"அவங்க எவ்ளோ நாளா இருக்காங்க?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

"பயப்பட ஒண்ணுமில்ல. இது கொஞ்ச நாள்ல ஆகற விஷயம் இல்ல. ரொம்ப வருஷம் சேரணும். ஆனாலும் சின்னக் குழந்தை... சீக்கிரம் ஏதாவது பண்ணிடுங்க." எழுந்து பையை மாட்டிக்கொண்டு சொன்னாள்: "ரிசல்ட்டை வீட்டு ஓனர்கிட்ட மட்டும்தான் சொல்லுவோம். அவங்ககிட்ட நாங்களா சொல்லக் கூடாது. நீங்கதான் சொல்லணும்."

கொஞ்ச நாளில் ஆகிற விஷயம் இல்லை. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு இந்திரா அடுத்த சில நாட்களை ஓட்டினாள். அடுத்த ஸ்கேன் வரைக்கும் இருக்கட்டும். வெயில் காலம் முடியட்டும். இரண்டு வருஷம் இருந்தவர்களுக்கு இன்னும் ஆறு மாதத்தில் என்ன ஆகிவிடப்போகிறது. சொன்னால் போய்விடுவார்கள். போனால் இந்த வீட்டில் குக்கர் சத்தம் கேட்காது. ஸ்கேன் முடிந்து வந்து தானே கேட்டைத் திறந்து, தானே பூட்டைத் தேடி, தானே விளக்கைப் போட வேண்டும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே ஒவ்வொரு நாளும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழே போனாள். போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள். "காத்து வரட்டும் அனு" என்றாள். அவள் மாடியேறி முடிப்பதற்குள் கீழே ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். கடைக்காரர் புடவையில் புழுதி பட்டால் அனு பதில் சொல்ல வேண்டும்.

கௌசல்யாவுக்குப் போன் போட்டாள். அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை, தரைக்கு அடியிலிருந்து வந்திருக்கிறது என்று விளக்கினாள். "கல்லுலேர்ந்து காத்தா? யார்மா சொன்னது உனக்கு? மாத்திரை வேகம்னு நெனைக்கிறேன், படுத்துத் தூங்கு" என்றாள் கௌசல்யா.

காலையில் ரிஷப் கூப்பிட்டபோது அவனிடம் சொன்னாள். அவனுக்கு அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். ரேடான் என்ற பெயரை அவள் தப்பாக உச்சரித்ததுமே அவன் சரியாகச் சொன்னான்.

"உனக்குத் தெரியுமா?"

"இங்க எல்லாருக்கும் தெரியும்மா. வீடு வாங்கறப்பவே டெஸ்ட் பண்ணுவாங்க. எங்க பேஸ்மென்ட்ல ஒரு வெள்ளைப் பைப்பு பாத்தியே, அது இதுக்குத்தான்."

அவள் பார்த்திருக்கிறாள். போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அங்கே தங்கியிருந்தபோது, அவள் படுத்திருந்த பேஸ்மென்ட் அறையின் மூலையில் தரையிலிருந்து கூரைக்குப் போகும் தடித்த குழாய். அடுப்புப் புகை போகிறது என்று நினைத்திருந்தாள். அவன் யாரையும் குறை சொல்வதுபோலப் பேசவில்லை. நம்ம வீட்டைப் பற்றி எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே என்று இரண்டு தரம் சொன்னான். பிறகு வேகமாகப் பேச ஆரம்பித்தான். வீட்டை விற்றுவிடலாம். நீ இங்கே வந்துவிடு, இல்லையென்றால் சென்னையில் மருத்துவமனை பக்கத்தில் ஒரு பிளாட் பார்க்கிறேன்.

"வாங்கறவங்ககிட்ட இதைச் சொல்லணும் இல்ல?"

"அங்க யாரும்மா கேக்கறாங்க? சொன்னா வீடு போகாது."

"உங்க ஊர்ல சொல்லாம வித்தா?"

கொஞ்சம் தயங்கினான். "இங்க கேஸ் போடுவான். அங்க அந்த மாதிரி சட்டம் இல்லம்மா."

"வாங்கறவன் அந்த ரூம்லதான கண்ணு படுப்பான்."

பின்னால் மருமகள் யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிட்டான். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இந்திராவுக்கு ஒன்று உறைத்தது. வாங்குகிறவனுக்காக மகனிடம் அவ்வளவு பேசிய தான், கீழே இருக்கிறவளிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கீழே போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. அனு கூடத்தில் ஒரு மாம்பழ மஞ்சள் புடவையின் முந்தானையை மடியில் போட்டு நூலை முடிந்துகொண்டிருந்தாள். படுக்கையறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சட்டையில்லாமல், ஜட்டியோடு, ஸ்ரேயா குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்திருக்காமல், "ஆயா, ஜில்லுனு இருக்குது, நீயும் பட்து பாரு" என்றாள்.

"மாணிக்கம் தம்பி இருக்காரா? ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்" என்றாள் இந்திரா.

அவன் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றான். லக்ஷணா சொன்னதையெல்லாம் அவளுக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள். பாதியிலேயே அவன் முகம் மாறிவிட்டது.

"காலி பண்ணணும்னா நேரா சொல்லிடுங்கமா. எதுக்குமா காத்து கீத்துன்னு சுத்திக்கினு."

"இல்லப்பா. நீங்க இங்க இருக்கணும்னுதான் எனக்கு." அதற்கு மேல் வரவில்லை. இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை.

அனு ஏற்கெனவே எழுந்து போய்க் குழந்தையைத் தரையிலிருந்து தூக்கிவிட்டிருந்தாள். "இவளுக்கு டெஸ்ட்டு ஏதாச்சும் எடுக்கணுமா ஆன்ட்டி?"

"வேணாம்னு சொல்றாங்கம்மா. ரெண்டு வருஷத்துல ஒண்ணும் ஆவாதாம். நீங்க மாடிக்கு வந்துடுங்க. மாடியில இல்ல. நான் கீழ வந்துடறேன், எனக்கு இனிமே என்ன."

"ஐயோ, அது நல்லா இருக்காதுமா" என்றான் மாணிக்கவேல். அவன் கோபம் போய்விட்டிருந்தது. அனு மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு எப்போ வந்து சொல்லுச்சு?"

"போன வாரம்."

அனு குழந்தையின் கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். ஒரு முறை துடைத்தது போதாதென்று மறுபடியும் துடைத்தாள்.

அவர்கள் ஐயம்பேட்டையில் அனுவின் அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில் வீடு பார்த்துக்கொண்டார்கள். சண்டை எதுவும் இல்லை. கிளம்புகிற அன்று குட்டி யானை வண்டி வந்து நின்றது. பீரோவை ஏற்றும்போது மாணிக்கவேல், ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் போன் பண்ணுங்கள், வருகிறேன் என்றான். அவன் வருவான், ஆனால் அவள் போன் பண்ணமாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அனு வந்து சாவியைக் கொடுத்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். டிரைவர் பக்கத்தில் அம்மா மடியில் உட்கார்ந்த ஸ்ரேயா, எங்கோ ஊர் சுற்றப் போகிற சந்தோஷத்தில் வழியெல்லாம் கையாட்டிக்கொண்டு போனாள். வண்டி திரும்பிய பிறகு இந்திரா கேட்டைச் சாத்தினாள். கீழ் வீட்டுக்குள் நுழைந்து எல்லா ஜன்னலையும் திறந்தாள். இனி அதை யாரும் சாத்தமாட்டார்கள்.

இரண்டு வாரம் ரிஷப் வழக்கமான நலம் விசாரிப்புக்கு மேல் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வாட்சப்பில் வரிசையாகப் படங்கள் வந்தன. அவன் வீட்டு பேஸ்மென்ட் குழாய், அது தரைக்குள் இறங்குகிற இடம், கூரைக்கு வெளியே அதன் வாய், பக்கத்தில் பொருத்தியிருந்த விசிறி. ஒவ்வொன்றிலும் அவனே கையால் அளவு எழுதி அம்புக்குறி போட்டிருந்தான். கடைசியில், "கொத்தனாரிடம் காட்டு அம்மா" என்று ஒரு வரி. அவள் அந்த வரியைப் பல தடவை படித்தாள்.

கொத்தனார் நமச்சிவாயம் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "கீழ்ருந்து காத்த இழுத்து மேல உடறதா? தண்ணிக்குப் போர் போடுவாங்க, காத்துக்குப் போர் போட்டு நான் பாத்ததில்லமா" என்றார். ஆனாலும் செய்தார். படுக்கையறை மூலையில் கிரானைட்டை அறுத்து, கான்கிரீட்டைப் பெயர்த்து, ஒரு அண்டா உட்காருகிற அளவுக்குக் குழி எடுத்தார். கூடை கூடையாகக் கல் மேலே வந்தது. அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது இந்திரா குழியின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தாள். நீலமும் சாம்பலும் கலந்த நிறம். திருப்பினால் பொடிப் பொடியாக மினுங்கியது. குடை பிடித்து நின்றுகொண்டு பாலசந்திரன் சரிபார்த்து இறக்கிய கல். மண் கலந்த லோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார், சுத்தமான கல்தான் வேண்டும் என்பார். அவர் மேல் கோபம் வருகிறதா என்று அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. இதை அவரிடம் சொல்ல முடியவில்லையே என்பதுதான் இருந்தது. சொன்னால் முதலில் நம்பமாட்டார். பிறகு ராத்திரியெல்லாம் தூங்கமாட்டார். அப்புறம் தானே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். அவள் கல்லைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள்.

குழாய் சுவரோடு ஏறி மொட்டைமாடிக்கு மேலே போய் நின்றது. விசிறி பகலும் இரவும் மெல்லிய முனகலோடு ஓடியது. தரை விரிசல்களை எல்லாம் அடைத்தார்கள். லக்ஷணா மறுபடி கிண்ணங்களைக் கட்டினாள், மறுபடி காத்திருந்தார்கள். அவள் போனிலேயே சொன்னாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். கீழே இப்போது மாடியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தாராளமாக யாரும் இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

இந்திரா உடனே அனுவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து, நிற்கப்போகிற சமயத்தில் எடுத்தாள். பின்னால் தறிச்சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன. இந்திரா சொல்லச் சொல்ல, "ஓ", "அப்படியா" என்று கேட்டுக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு ஆன்ட்டி. ஒடம்பு எப்படி இருக்குது?"

"பரவால்லமா. கட்டி அப்படியே நிக்குதாம், வளரல. ஸ்ரேயா என்ன பண்ணுது?"

"ஸ்கூல்ல போட்டுட்டோம். இங்கியே, பக்கத்துல. போமாட்டேன்னு ஒரே ரகளை." சிரித்தாள். திரும்பி வருகிறீர்களா என்று இந்திரா கேட்பதற்குள் அனுவே முந்திக்கொண்டாள். "அம்மா கூப்புடுறாங்க ஆன்ட்டி, அப்பறமா பேசட்டா?"

"பேசும்மா."

வீடு வாடகைக்கு என்று எழுதிக் கேட்டில் அட்டை கட்டினாள். போகிறவர்கள் வருகிறவர்கள் படித்தார்கள். சில பேர் போன் செய்தார்கள். ஒரு வங்கிக்காரர் குடும்பத்தோடு வந்து, அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, ரொம்ப நன்றி என்று எழுந்துபோனார். சொல்லாமல் இருந்தால் என்ன, இப்போதுதான் ஒன்றும் இல்லையே என்று கௌசல்யா கேட்டாள். விசிறி எதற்கு ஓடுகிறது என்று தெரியாவிட்டால் ஒரு நாள் கரண்ட் செலவென்று அதை நிறுத்திவிடுவார்கள் என்றாள் இந்திரா. அதைச் சொல்லும்போது, உண்மையான காரணம் அது மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆடி முடிந்து முதல் நல்ல நாளில், வெயில் ஏறுவதற்குள், ஒரு இளஞ்ஜோடி வந்தது. அந்தப் பையன் கோர்ட்டில் வேலை என்றான், பெயர் அந்தோணி என்றான். கூட வந்த பெண்ணுக்கு நிறை மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. படி இறங்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. சுவரில் கையை வைத்துக்கொண்டு செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுடுங்க" என்றாள் இந்திரா.

அவள் சொன்னாள். தரைக்கு அடியில் இருந்ததை, முன்பு இருந்த அளவை, இப்போது இருக்கிற அளவை, குழாயை, விசிறியை. தனக்கு வந்த நோயையும் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தோணி தலையைத் தூக்கிச் சுவரோடு ஏறிப்போகிற வெள்ளைக் குழாயைப் பார்த்தான். பிறகு தன் மனைவியைப் பார்த்தான். மேலே ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று ஐயம்பேட்டை, ஐயம்பேட்டை என்று கூவிக்கொண்டு நின்று, யாரும் ஏறாமல் கிளம்பிப் போயிற்று.

அந்தப் பெண் ஒரு காலில் செருப்போடும் ஒரு கால் வெறுங்காலோடும், ஒரு கையைச் சுவரிலும் மற்றதை வயிற்றிலும் வைத்தபடி, வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.